பாப்பாவின் பெயர்

வத்சு,

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் இங்கே ஜெர்மனியில், பான் நகர நூலகத்திலிருந்து மெயில் எழுதுகிறேன். ஊருக்கு வர டிக்கெட் நாளைக்குத்தான் கிடைத்தது.

நான் ஆராய்ச்சி செய்கிற அந்த அமெரிக்க அரசியல்வாதி, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மேற்கே காடு திருத்தி நாலு ஊருக்குப் பெயர் வைத்தவன். மகளுக்கு மட்டும், 'தேர்தல் முடியட்டும், நானே வந்து வைக்கிறேன்' என்று மனைவிக்கு எழுதினான். அந்தக் குழந்தையின் கல்லறையில் 'மகள்' என்று மட்டும் இருக்கிறது. போட்டோவை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நானும் தீசிஸ் முடியட்டும் என்றேன். பாப்பாவுக்கு ஏழு மாசம் ஆகிவிட்டது. ஐசியூவில் அவள் கட்டிலில் மாட்டிய சீட்டில் 'வத்சலாவின் குழந்தை' என்று எழுதியிருக்கிறதாம், அத்தை சொன்னாங்க.

எனக்காகக் காத்திருக்காதே. என் அம்மா பெயரை வைக்கச் சொன்னேனே, அதெல்லாம் வேண்டாம். உனக்குப் பிடித்ததை இப்போதே அவள் காதில் மூன்று முறை சொல்லு. உள்ளே விடாவிட்டால் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்து.

இப்படிக்கு,
அவள் அப்பா