ஆரோக்கியம் என்று ஒட்டிய குப்பி

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இன்றைய தேதிக்கு நான் நலம். எல்லாரும் வழக்கமாகப் போடுகிற வரி இல்லை இது, என் ரத்தத்தைச் சோதித்த முடிவைப் பார்த்து உன் அம்மாவே சொன்னது. அவளைப் பற்றி அந்த வரியை எழுத முடியவில்லை, உன்னைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் இங்கே எல்லாம் சௌக்கியம் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

அம்மாவின் ஆராய்ச்சி உனக்குத் தெரியும், இருந்தாலும் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சிலருக்கு உடம்பே தன் கணையத்தை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருளை ஏவிவிடும், சர்க்கரை ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே அது ரத்தத்தில் தெரியும், அதை முன்கூட்டிப் பிடிப்பதுதான் அவள் வேலை. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்கு இவர்கள் யாரைத் தேடிப் போவார்கள், பக்கத்தில் இருப்பது தன் கைதான். அம்மா தன் ரத்தத்தைத் தீரத் தீர எடுத்துக் குப்பியில் ஊற்றி, ஆரோக்கியம் என்று சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டாள். அந்தக் குப்பி ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சோதனை மருந்து கெட்டுவிட்டது என்று கொட்டினாள், மெஷினைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள், கூட வேலை பார்க்கிற கண்ணாடிக்காரி சோதனைத் தட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று எரிந்து விழுந்தாள். என்னைக்கூட ஃப்ரீசரைப் பார்க்கக் கூட்டிப்போனாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஃப்ரீசரில் என்ன தெரியும், இரண்டு தட்டு தட்டிவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வந்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அந்தச் சீட்டை மட்டும் சந்தேகப்படவில்லை. இதற்கிடையில் ஆளே இளைத்துப் போனாள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், கேட்டால் வேலை அதிகம் என்பாள். ஒரு நாள் ஆய்வகத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றார்கள், டாக்டர் அவள் வயதைப் பார்த்து எல்லாருக்கும் வருவதுதான் என்று மாத்திரை எழுதினார், சர்க்கரை அதற்கு மசியவில்லை. கண்ணாடிக்காரி வந்து கட்டிலோரம் வெகுநேரம் நின்றுவிட்டு, "மேடம், அப்ப மெஷின்ல கோளாறு இல்ல போல" என்று மட்டும் சொன்னாள். உன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள், உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. உன் மாமா வந்து இனிப்பை விட்டால் எல்லாம் ஓடிப்போகும் என்று அவளுக்கே வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். ஊசி வலிக்கிறதா என்று கேட்டேன், "ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது வாலு. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பாத்திரம் கழுவுகிறேன், லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் போகிறேன், யார் கேட்டாலும் பரவாயில்லை என்கிறேன், யாரோ ஒருவர் வீட்டு விஷயம் போல் இருக்கிறது. மனசு மரத்துப்போய்விட்டது, வேறு சொல் தெரியவில்லை.

சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. நீ வெளிநாடு போவதற்கு முன்னால் ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் கையை நீட்டினாயே, அந்தக் குப்பி இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது, அதிலும் ஆரோக்கியம் என்றுதான் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் அதைத்தான் சோதிக்கச் சொன்னாள். அதிலும் எதிர்ப்பொருள் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. இது நோய் இல்லை, ஒரு குப்பியை வைத்து முடிவு சொல்லக் கூடாது, புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறாள். ஆனால் உன்னிடம் போனில் அங்கே குளிரா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். "நீங்களே சொல்லிருங்க, எனக்கு வாய் வரல" என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி ஒப்பிடுவதற்கு என் ரத்தம்தான், கண்ணாடிக்காரி வீட்டுக்கே வந்து எடுத்தாள். அம்மா தானே சீட்டு எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள், கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள், பிறகு தேதியை மட்டும் எழுதி ஒட்டினாள்.

வேளைக்குச் சாப்பிடு, தாகம் அதிகமாக இருந்தாலோ உடம்பு இளைத்தாலோ வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே. நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அது தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இந்த வாரமே அங்கே ஒரு டாக்டரிடம் போய்க் கையை நீட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினாலும் போதும்.

இன்றைய தேதிக்கு நலமாக இருக்கும்,
உன் அப்பா