இருமல் மனிதர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், முப்பத்து நான்கு வருஷம் ஸ்டேஷனில் எழுதியும் திருந்தாத கையெழுத்து. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் போனில் நீ என்னிடம் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு, நான் ஆச்சும்மா என்று முடிப்பதற்குள் அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். மீதிச் செய்தியெல்லாம் அம்மா வழியாக வருகிறது, வரும் வழியில் பாதி காணாமல் போகிறது. ஆனாலும் உங்கள் வாசல் கதவில் தாழ்ப்பாள் ஆடுகிறது என்பது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. போலீஸ்காரன் மகள் வீட்டில் தாழ்ப்பாள் ஆடலாமா.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பாராட்டு விழா நடந்தது. சிரிக்காதே, நிஜமாகத்தான். நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்குத் திடீரென்று என் ஞாபகம் வந்துவிட்டது. பிறந்த ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்து அதே ஸ்டேஷனில் ஓய்வு பெற்ற ஆள் நான் ஒருவன்தானாம். வேறு எந்த ஸ்டேஷனும் என்னைக் கேட்கவில்லை என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சங்கத் தலைவரான இரும்புக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து, ஏட்டையா, உங்க சாதனையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க என்றார். இரண்டு நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். பிடித்த திருடர்கள் என்று எழுதி எதிரே ஒன்று என்று போட்டேன். அந்த ஒருவனும் சுவர் ஏறிக் குதித்ததில் காலைச் சுளுக்கிக்கொண்டு, ஏட்டையா, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று அவனாகவே என்னைக் கூப்பிட்டவன். உன் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, இதை அவங்ககிட்ட காட்டாதீங்க, விழாவையே நிறுத்திருவாங்க என்றாள். கடைசியில் நீங்களே பார்த்து எழுதிக்கோங்க என்று வெறுந்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மண்டையை உடைத்துக்கொண்டு, ஊரைக் காத்த இரும்பு மனிதர் என்று எழுதினார். இரும்பு விற்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்.

பள்ளிக்கூட ஹாலில் விழா. நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, உன் அம்மா பின்னால் வர, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் உள்ளே போனேன். மேடையில் பெரிய பேனர். முழ நீள எழுத்தில், ஊரைக் காத்த இருமல் மனிதருக்குப் பாராட்டு விழா. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் முகம் செத்துப்போய்விட்டது. அச்சகக்காரரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பிடிபிடி என்று பிடித்தார். அந்த மனிதர் துளியும் அசராமல், நீங்க எழுதிக் குடுத்ததுல எழுத்துப் பிழை இருக்குன்னு நெனச்சு நாந்தாங்க திருத்தினேன், இவரைப் போய் யாருங்க இரும்புன்னு சொல்லுவாங்க என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். தலைவரும் வேறு வழியில்லாமல் ஆட்டினார்.

ஊரில் எனக்கு இருமல் ஏட்டு என்ற பெயர் உண்டு என்பது உனக்குத் தெரிந்ததுதான். எந்தத் தெருமுனையில் திரும்புவதற்கு முன்னாலும் இரண்டு முறை பலமாக இருமிவிட்டுத்தான் திரும்புவேன், சளியும் கிடையாது, ஆஸ்துமாவும் கிடையாது. அது எப்படி ஆரம்பித்தது என்று மட்டும் உனக்குச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மரப்பட்டறையில் அண்ணன் தம்பி சண்டை என்று கேள்விப்பட்டு வீராவேசமாக உள்ளே பாய்ந்தேன். திடீரென்று காக்கிச் சட்டையைக் கண்டு மிரண்ட தம்பி கையில் இருந்த கட்டையை வீச, அண்ணன் மேல் விழ வேண்டியது என் நெற்றியில் விழுந்தது. நான்கு தையல். கொள்ளைக்காரனோடு மோதியதில் வந்த தழும்பு என்று நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது சொன்னேனே, அது சுத்தப் பொய். அன்றிலிருந்துதான் இந்த இருமல். கட்டை வைத்திருப்பவன் கீழே போடட்டும், ஓடுகிறவன் ஓடட்டும், என் நெற்றி பிழைத்தால் போதும் என்று இருமினேன். பயம்தான் பாப்பா, வேறொன்றும் இல்லை.

ஆனால் மேடையில் ஏறியவர்கள் அதை என்னவெல்லாமோ ஆக்கிவிட்டார்கள். தையல்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூடப் பொறந்தவன் மேல இருந்த கோவத்துல கத்தரிக்கோலை எடுத்துட்டேன், அந்த நேரம் பாத்து முனையில இருமல் கேட்டுச்சு, கீழ வச்சிட்டேன், அது கேக்கலேன்னா நான் இன்னிக்கு ஜெயில்ல கெடப்பேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் வந்து, இருமலுக்கும் ஏட்டையா வந்து நிக்கறதுக்கும் நடுவுல நாப்பது அடி தூரம், அதுக்குள்ள யோசிச்சவன் எல்லாம் பொழச்சான் என்று கணக்கே போட்டுவிட்டார். நானோ பயந்தாங்கொள்ளி, கேட்கக் கேட்க எனக்கே நான் பெரிய ஞானி என்று சந்தேகம் வர ஆரம்பித்தது. பக்கத்தில் உன் அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் உன்னையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பதினேழு வயது. தட்டச்சு வகுப்புக்குப் போகும் வழியில், சைக்கிள் கடைச் சந்தில் ஒருத்தன் தினமும் நிற்கிறான், பின்னாலேயே வருகிறான், வாய்க்கு வந்ததைப் பேசுகிறான் என்று என்னிடம் வந்து சொன்னாய். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் என்னிடம்தான் முதலில் சொன்னாய். நான் பாத்துக்கறேன்மா என்று சொல்லிவிட்டு மூன்று நாள் அந்தச் சந்துக்குப் போனேன். மூன்று நாளும் முனையில் நின்று இருமிவிட்டுத்தான் திரும்பினேன். மூன்று நாளும் சந்து காலி. இனிமே வரமாட்டான், தைரியமா போ என்றேன். நான்காவது நாள் அவன் மறுபடியும் வந்து நின்றான். நீ என்னிடம் திரும்பச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. வகுப்பை விட்டாய், அப்புறம் படிப்பு என்று வெளியூர் போனாய், அப்புறம் வேலை, அப்புறம் இவ்வளவு தூரம். கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஒன்று சொன்னாய். ஊருக்கெல்லாம் இருமினீங்க, சரிப்பா, எனக்காக ஒரே ஒரு நாள் இருமாம வந்திருக்கலாம்ல. நான் சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

பழக்க தோஷத்தில் இருமிவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. சொந்த ஊரில் போலீஸ் வேலை பார்க்கிறவனுக்குப் பாதி ஊர் சொந்தம், மீதி ஊர் சிநேகிதம். இருமாமல் திரும்பியிருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருக்கும், தெரிந்தால் ஏதாவது செய்தாக வேண்டும், அவன் வீட்டார் முகத்தில் நான் எப்படி விழிப்பது, அதுதான் என் கவலையாக இருந்தது. உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசிக்கவில்லை. நல்ல ஏட்டு என்று பெயர் வாங்கிய கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான்.

கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். இதைச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன், உன் பெயரை இழுக்காமல், என் இருமல் ஒரே ஒருத்தருக்கு மட்டும் உதவவில்லை என்றாவது சொல்லிவிடலாம் என்று. மைக் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். முப்பத்து நான்கு வருஷமாகப் பொய்யாக வந்த இருமல், அன்றைக்குப் பார்த்து நிஜமாக வந்துவிட்டது. ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. விசிலடித்தார்கள். மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடியும் இருமல், மறுபடியும் கைதட்டல். தலைவர் என் கையில் கேடயத்தைத் திணித்து உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, சொல்ல வந்ததைச் சொல்லவேண்டியவகிட்ட சொல்லுங்க, ஊர்கிட்ட எதுக்கு என்றாள். போனில் சொன்னால் அதிலும் இருமுவேன். காகிதத்தில் இருமல் வராது, அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு நான் செய்தது தப்பு. நீ சொன்னது அத்தனையும் நிஜம். அப்பாவை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன், அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

கேடயத்தை அலமாரியில் திருப்பி வைத்திருக்கிறேன், உன் அம்மா தினமும் நேராக வைக்கிறாள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் நான் மட்டும் அங்கே வரலாம் என்று இருக்கிறேன், அவள்தான் நீங்க தனியா போயிட்டு வாங்க என்கிறாள். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது, நல்ல தாழ்ப்பாள் ஒன்று இரும்புக்கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். வரவேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் அம்மாவிடம் சொல்லிவிடு, தாழ்ப்பாளைத் தபாலில் அனுப்புகிறேன், மாப்பிள்ளை போட்டுக்கொள்ளட்டும். அதுவரைக்கும் ராத்திரி கதவுக்கு ஒரு நாற்காலியையாவது முட்டுக் கொடுத்து வை, மறக்காதே. சின்னவளுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல், நிம்மதியாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும்.

நான் வந்தால் உன் தெருமுனையில் நின்று இருமமாட்டேன். நேராக வந்து கதவைத் தட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா