தாய்லாந்துக்காரனுக்கு இல்லாத இரண்டு நிமிடம்

பர்மாவின் மோல்மீனில் பிறந்து மொன்றியலில் கண்மூடிய என் அன்பு ராசண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. என் உடம்பிலும் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் கட்டிலில் இப்போது என் மருமகன் பரா படுக்கிறான். நான் அதே சாப்பாட்டுக் கடையில்தான் இன்னும் கோப்பை கழுவுகிறேன். தண்ணீரில் ஊறி வெளுத்த என் கையை எனக்கே அடையாளம் தெரிவதில்லை.

ஆனால் உங்கள் பெயரை நான் விழ விடவில்லை. லெத்வெய் என்கிற பர்மியக் குத்துச்சண்டையைப் பற்றி இந்த நகரத்தில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. மேடையைக் கண்ணால் காணாமலே இவ்வளவு தெரிந்தவன் ரங்கூனிலும் இருக்கமாட்டான். இளவயதில் நீங்கள் ஏழு தாய்லாந்துக்காரரை வரிசையாகச் சாய்த்ததை மெட்ரோவில்கூடச் சொன்னேன்.

“மாமா, போன கிழமை நாலு பேர் எண்டியள்,” என்றான் பரா.

“போன கிழமை நேரம் காணாதடா.”

கடையில் புதிதாகச் சேர்ந்த சமையற்காரன் நரோங் தாய்லாந்துக்காரன். விடுவேனா? அரைகுறைப் பிரெஞ்சிலும் கைச்சாடையிலும் அவனுக்கு விளக்கினேன். தாய்லாந்து ஆட்கள் கையுறை போடுவார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்கையில் துணி சுற்றி இறங்குவார்கள். முழங்கை, முழங்கால், உதை எல்லாம் இரண்டிலும் உண்டு. எங்கள் ஆட்கள் நெற்றியாலும் இடிக்கலாம். அவர்களுக்குப் புள்ளி போட நடுவர்கள் வேண்டும். எங்களுக்குப் புள்ளியே இல்லை. கடைசி மணிவரை இருவரும் நின்றால் இருவரும் சமம்.

நரோங் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “எங்கட பாட்டன்மாரும் கையில கயிறுதான் சுத்தினவை. பேந்து புத்தி வந்திட்டுது,” என்றான், அவனும் அதே அரைகுறைப் பிரெஞ்சில்.

உங்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். என் அகதி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆமி வந்து வீட்டைக் கொளுத்தியதை விசாரித்தவர் நம்பவில்லை. மேன்முறையீடு செய்யலாமாம், வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பம் வைக்க வேண்டுமாம். அதையெல்லாம் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல எனக்குச் சத்தில்லை, அண்ணை. எரிந்த வீட்டை எத்தனை முறை எரிப்பது? திருகோணமலையில் என் மனைவி செல்வமும் பிள்ளைகளும் என்னைத்தான் நம்பியிருக்கிறார்கள். நான் விட்டால் அவர்கள் இங்கே வர வழியில்லை. தெரிந்தும் எழும்ப முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்திவிட்டேன்.

“நான் கையெழுத்து வைக்கப்போறேல்ல. காணும்,” என்று நரோங்கிடம் சொன்னேன்.

“அப்ப சரி. எங்கட சண்டையில பத்து எண்ணினால் முடிஞ்சுது.”

எனக்கு வந்ததே கோபம்! “எங்களுக்கு அப்பிடி இல்லை!” என்று கத்தினேன். நீங்கள் எனக்குச் சொன்ன விதியை அவனுக்குச் சொன்னேன். மயங்கி விழுந்தவனுக்கும் ஒருதரம் இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். அவனுடைய ஆட்கள் தண்ணீர் அடித்து, காதைப் பிசைந்து எழுப்புவார்கள். எழுந்தவன் விரும்பினால் திரும்பவும் சண்டைக்குப் போகலாம்.

நீங்களும் அப்படி எழும்பி, இரண்டாந்தரமும் விழுந்தவர்தானே? அதை மட்டும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவனுக்குச் சொன்னேன். “பிறகேன் எழும்பினவர்?” என்று கேட்டான். நானும் உங்களிடம் அதைத்தானே கேட்டேன்? “படுத்துக் கிடக்க வெக்கமா இருந்தது தம்பி” என்றீர்கள்.

நரோங் கத்தியை வைத்தான். குழாயில் கை நிறையத் தண்ணீர் பிடித்து என் முகத்தில் அடித்தான்.

“ரெண்டு நிமிஷம் முடிஞ்சுது. போ,” என்றான். என் ஏப்ரனை உருவித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவத் தொடங்கினான்.

ஈர முகத்தோடு பஸ் ஏறினேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வழக்கறிஞர் கதவைப் பூட்டுவதற்குள் போய்க் கையொப்பம் வைத்துவிட்டேன். வெல்வேனா? உங்களுக்கு அங்கிருந்து தெரிகிறதா?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன், அண்ணை. இன்னொருதரம் விசாரிப்பவர்கள் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொல்வேன். களைத்துப்போய்த்தான் சொல்வேன், ஆனால் சொல்வேன். செல்வமும் பிள்ளைகளும் வந்து இறங்கும் நாளில் விமான நிலையத்துக்கு நரோங்கையும் கூட்டிப்போவேன். பாங்கொக்கையே ஒரு காலத்தில் ஆட்டிவைத்த சண்டைக்காரன் இவன் என்று அவர்களுக்குக் காட்டுவேன். பாவம், அவன் வாழ்நாளில் ஒருவரையும் அடித்ததில்லை.

உங்களோடு கூடப் பிறக்காத தம்பி,
கணபதிப்பிள்ளை