நானூறா, அறுநூறா

மாத்தளை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் தர்மேந்திரனுக்கு,

உங்கள் கூட்டாளி ஹஸீபின் உம்மா ஹமீமா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். போன் எடுத்தேன், நீங்கள் தூக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. காகிதம் கைக்கு வந்தால் பிரிக்காமல் வைக்க மனம் வராது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

விலாசம் உங்கள் அம்மா கலாராணி தந்தது. லேசில் தரவில்லை. பிள்ளைக்கு அங்கே இன்னும் விசா சரிவரவில்லை, கோர்ட், பொலிஸ் என்று அவன் பெயர் எங்கேயும் வந்துவிடக் கூடாது என்று அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்து இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். பிறகுதான் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அவரைக் கோபிக்க வேண்டாம், மகன். அவருக்குக் கால் வீக்கம் இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

இங்கே மழை விட்டபாடில்லை. வாங்கிப் போட்ட மிளகு காயாமல் பூஞ்சணம் பிடிக்கிறது. ஹஸீபின் வாப்பா யட்டவத்தச் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கடையும் பாதி நாள் பூட்டுத்தான்.

ஹஸீபின் விஷயம் பாதி உங்கள் காதில் விழுந்திருக்கும். முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அவன் வேலை செய்கிற நாட்டின் பெயரை எழுதக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே புதுக் கெமராவைத் தூக்கிக்கொண்டு, விமான நிலையத்துக்குப் பின்பக்கம் வேலியோரத்தில் ஒரு மண்மேட்டில் நின்று படம் பிடித்திருக்கிறான். நாலு என்ஜின் வைத்த பழைய சரக்கு விமானம் ஒன்று இறங்குகிறது என்று கேள்விப்பட்டுப் போனானாம். அந்த மேட்டுக்கு நேர் எதிரே ராணுவ விமானங்கள் நிற்கிற இடமாம். இவனுக்கு அது தெரியாது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உளவு பார்த்தான் என்று எழுதியிருக்கிறார்கள். உளவு! என்ட அல்லாஹ்வே, வீட்டில் நான் ஒளித்துவைக்கிற தொதல் இனிப்பை எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளை அது.

ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். மலையாளி, தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனிதர். தடைசெய்த இடத்தில் படம் எடுத்தான் என்று வழக்கு முடிந்தால் அபராதம் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். உளவு என்று நின்றுவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டுமாம். இவன் சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம் என்று காட்டினால் தப்பலாம், வீட்டில் இருக்கிற பழைய படங்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்றார்.

அங்கேதான் நாங்கள் அழிந்தோம், மகன். வக்கீல் பேசுவதற்கு முன்பே, அங்கே ஹஸீபின் அறையில் தங்கியிருந்த பையன் போன் எடுத்து, உளவுக் குற்றமாம் என்று ஹஸீபின் வாப்பாவிடம் சொல்லிவிட்டான். ஈஸ்டர் குண்டு வெடித்த வருஷம் வீடு வீடாகத் தேடினபோது எங்கள் ஆட்கள் பட்டது உங்களுக்குத் தெரியும்தானே. கறிக்கத்திக்கும் கேள்வி, ஓதுகிற கிதாபுக்கும் கேள்வி. அந்த நடுக்கம் இவர் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. இங்கேயும் வந்து தேடுவார்கள், விமானப் படத்தைக் கண்டால் பிள்ளையின் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார். ஹஸீபின் ஆல்பம் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்தார். படங்கள் சேர்த்துவைத்த டிஸ்க்கைக் கொண்டுபோய் சுதுகங்கையில் எறிந்தார். இன்டர்நெட்டில் ஹஸீப் விமானப் படம் போடுகிற பக்கத்தை தங்கச்சி ஜெஸ்லாவைக் கொண்டு அழிக்க வைத்தார். ஹஸீப் புதுப் போன் வாங்கின பிறகு, நீங்கள் இரண்டு பேரும் பேசினது எல்லாம் கிடந்த பழையதை ஜெஸ்லாவுக்குக் கொடுத்திருந்தான், அதையும் அம்மிக் குழவியால் அடித்து நொறுக்கினார். நான் தடுக்கவில்லை, நெருப்புக்கு மண்ணெண்ணெய் போத்தலை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

வக்கீல் படங்களைக் கேட்ட மறுநாள் இவர் விடிந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கித் தேடியிருக்கிறார். கிடைக்குமா? மழைத் தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. ஈரத்தோடு வந்து படியில் உட்கார்ந்தவர் இன்னும் ஒழுங்காக எழும்பவில்லை. முதலில் நாலு நாள் திட்டித் தீர்த்தேன். இப்போது திட்டவும் தோன்றவில்லை, சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால்தான் சாப்பிடுகிறார்.

இனி மிச்சம் இருப்பது உங்கள் போனில் கிடக்கிற அந்தப் பேச்சு மட்டும்தான். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே வகுப்புக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் ஏறி நீர்கொழும்புப் பக்கம் போய், விமானம் இறங்குவதைப் பார்த்து வந்தவர்கள். இந்தக் கெமராவை வாங்குவதற்கு எத்தனை மாதம் பேசினீர்கள்! பெண் பார்க்கிற இடத்தில்கூட யாரும் இவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள். கெமரா பழசாக இருந்தால் காரியம் இல்லை, ஓடுகிற விமானத்தை விடாமல் பிடிக்க வேண்டும், மிச்சக் காசை லென்ஸில் போடு என்றீர்கள். லென்ஸ் என்று வந்ததும் நானூறா, அறுநூறா என்று சண்டை. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியுமாம். இவன் அறுநூறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அது இரண்டு கிலோ, வெயிலில் தூக்கி நின்றால் கை ஆடும் என்றீர்கள் நீங்கள்.

போன முறை லீவில் வந்து நின்றபோது குசினியில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் அனுப்பின குரலை எனக்கும் கேட்கப் போட்டுவிட்டான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்ச் சூட்டுக்கு அறுநூறு வீண், நிலத்திலிருந்து கிளம்புகிற வெக்கையில் தூரத்து விமானம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளியும், எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் அந்த நெளிவுதான் பெரிதாகத் தெரியும், நானூறை வாங்கு, கிட்டப் போய் எடு என்று சொல்லியிருந்தீர்கள். ஒன்றும் தெரியாத எனக்கே அது விளங்கியது. அவனும் நானூறையே வாங்கினான்.

இப்போது அங்கே கேட்கிற கேள்வி அதுதான். படம் பிடிக்கிற ஆசை மட்டும் என்றால் மற்றவர்களைப் போல தூரத்தில் நின்று பெரிய லென்ஸால் எடுக்கலாமே, ஏன் வேலி வரைக்கும் போனாய் என்று கேட்கிறார்கள். உங்கள் குரல்தான் அதற்குப் பதில். அவன் வாய்ப்பேச்சாகச் சொன்னால் கோர்ட் ஏற்காதாம். அப்போது பேசினதை, தேதியோடு, பேசினவரே கொடுக்க வேண்டுமாம்.

ஒரு நாள் உங்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மறைத்து என்ன செய்ய? கிட்டப் போ என்று சொன்னவர் இப்போது ஏன் எட்ட நிற்கிறார் என்று ஜெஸ்லாவிடம் கத்தினேன். பிறகு யோசித்தேன். நீங்களும் இதையே நினைத்து நினைத்துத்தான் போனைத் தூக்காமல் இருக்கிறீர்களோ என்று. அப்படியானால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னது வெக்கையைப் பற்றி, வேலியைப் பற்றி இல்லை. இந்த வீட்டில் யாரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவதை ஹஸீப் சொல்ல வேண்டாம் என்றான். போன கிழமை அவனைக் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். சூட்டில் படம் நெளியும், கிட்டப் போனால்தான் சரிவரும் என்று என் கூட்டாளிதான் சொன்னான் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறான். யார் அந்தக் கூட்டாளி, எங்கே இருக்கிறான், பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவன் வாயைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் சொல்லவில்லை. அப்படி ஒருவன் இல்லை, இவன் கதை கட்டிவிடுகிறான் என்று எழுதிக்கொண்டார்களாம். ஏன்டா மகன் சொல்லவில்லை என்று கேட்டேன். தர்மாவுக்கு விசா கிடைக்கட்டும் உம்மா, உளவு வழக்கில் அவன் பெயர் வந்தால் அங்கே அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவனுக்கு இது தெரியவே கூடாது என்றான். அதோடு லைன் அறுந்துவிட்டது.

பிள்ளையின் சொல்லை மீறித்தான் எழுதியிருக்கிறேன். வக்கீல் என்னிடமும் பெயரைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. நான் உளறிக் கொட்டினால் உங்கள் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? நீங்களாகச் சொன்னால் சொன்னதுதான். வக்கீலின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வழக்கை எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு தரம் போன் எடுங்கள், மகன். எடுக்க முடியாவிட்டாலும் உங்களை வெறுக்க மாட்டேன், எனக்கு அது வராது. ஆனால் முடியாது என்பதையாவது எனக்குச் சொல்லுங்கள். எதிர்பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் விசா நல்லபடி கையில் கிடைக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். என் பிள்ளைக்காகக் கேட்கிற அதே துஆவில்தான், அவன் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் வைத்துக் கேட்கிறேன். படைத்தவனிடம் மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கும் சோறு போட்ட கையால்,
ஹஸீபின் உம்மா.