பொத்தியோடு வெட்டிய சோளம்

மச்சாள்,

இன்று காலை தீவனம் அடைத்த இரண்டாவது பிளாஸ்டிக் பரலைத் திறந்தேன். புளித்த தோசை மா மணம் வந்தது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். கை ஈரமானது, தண்ணீர் சொட்டவில்லை. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டே "நல்லாத்தான் வந்திருக்கு" என்றிருப்பீர்கள். அக்கராயன் குளம் வற்றிக் கிடக்கிறது. வெளியில் மாடு கடிக்க ஒரு பச்சை இல்லை. ஆனாலும் கொட்டிலில் நாலு பசுவும் கறக்கின்றன.

உங்கள் தம்பியைக் கட்டி நான் இங்கே வந்த நாளிலிருந்து மாடுகள் நம் இருவர் பொறுப்பு. வறட்சிக்கென்று பச்சைத் தீவனத்தைப் புளிக்கவைத்து அடைக்கும் சைலேஜை முதன்முதல் போட்ட வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மிருக வைத்தியர் வகுப்பில் சொன்னதை வந்து அப்படியே ஒப்புவித்தேன். சோளம் மூன்று பங்கு, கௌபிப் பயற்றஞ்செடி ஒரு பங்கு. கௌபியை வெட்டி அரை நாள் வாடவிட வேண்டும். சோளத்தை மணி பால் வற்றி மாப் பிடிக்கும்போது, கதிரை முறிக்காமல் பொத்தியோடு வெட்ட வேண்டும். மெசினில் நறுக்கிப் பரலில் போட்டு, காற்று நிற்காமல் மிதித்து மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றீர்கள். பொத்தி என்றதும் மட்டும் எழுந்து குசினிக்குள் போய்விட்டீர்கள்.

வெட்டுகிற கிழமை நான் வவுனியா ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணை நின்றேன். "நான் பாத்து வெட்டுறன், நீ போட்டு வா" என்றிருந்தீர்கள். மூன்று கிழமை கழித்து வந்தால் சோளம் நின்ற இடத்திலேயே நின்றது. பொத்திகளை மட்டும் முறித்து, அவித்து, அயலுக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தீர்கள். தண்டு வைக்கோலாய்க் காய்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதையே கௌபியோடு நறுக்கி அடைத்தோம். எவ்வளவு மிதித்தும் அமுங்கவில்லை.

வறட்சியில் திறந்தபோது வெள்ளைப் பூஞ்சணமும் அழுகல் நாற்றமும்தான். கன்றுத்தாய்ச்சியாக நின்ற சிவப்பி மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் போட வேறொன்றும் இல்லை. அயலவர் பார்த்து நிற்க, "மாட்டைச் சாக்காட்டப் போறியளோ? நாலு பொத்திக்கு இவ்வளவு ஆசையோ?" என்று கத்தினேன்.

நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. "கடைசிச் சண்டை இடப்பெயர்வில ஒரு பொத்தியை ஆறு பேர் பிச்சுத் திண்டனாங்கள். நீ அப்ப வவுனியாவில நிண்டனீ. மெசினுக்க போட எனக்குக் கை வரேல்லை" என்றீர்கள். சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த வறட்சி முழுக்க வாய்க்காலோரம் புல் அரிந்தும், சீமைக்கிளுவைக் குழை ஒடித்தும் சைக்கிளில் கட்டி வந்தீர்கள். சிவப்பி ஒரு கன்று போட்டாள். எலும்பெல்லாம் தெரிந்தது, ஆனால் எழுந்து நின்றது.

அடுத்த போகம் நான் வாய் திறக்குமுன்னரே வெட்டும் இயந்திரத்தடியில் நின்றீர்கள். முதல் தண்டைப் பொத்தியோடு நீங்களே செருகினீர்கள். "மாடு திண்டா பால். பாலைப் பிள்ளையள் குடிக்கும். அப்பிடித்தானே?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்க அது நல்ல நேரம். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அந்த வருடமே நெஞ்சு வருத்தம் வந்து மூன்று நாளில் போய்விட்டீர்கள்.

இப்போது அயல் பெண்கள் என்னிடம் சைலேஜ் பழக வருகிறார்கள். போன கிழமை ஒருத்தி, "பொத்தியோடயோ அக்கா? பாவமெல்லே?" என்றாள். பழைய நான் என்றால் சிரித்திருப்பேன். அவளைக் கதிரையில் இருத்தி, "கடைசி இடப்பெயர்வு நேரம் நீ எங்க நிண்டனீ?" என்று கேட்டேன். சொல்லி முடிக்க அவளுக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அன்றைக்கு வேலை எதுவும் நடக்கவில்லை. மறுநாள் அவளே வந்து, "எப்ப வெட்டோணும் அக்கா?" என்றாள்.

அத்தனை வருடம் ஒரே கொட்டிலில் நின்றும், அந்தக் கேள்வியை உங்களிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை, மச்சாள். இந்த மன்னிப்பு கத்தியதற்கு மட்டுமல்ல, அதற்கும் சேர்த்துத்தான்.