குப்பையில் போட்ட கேக்

வடக்குப்பட்டு
9.2.2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நல்லா இருக்கியா? என் நம்பரை பிளாக் பண்ணிட்டே. அதனாலதான் உன்கூட கம்பெனியில வேலை செய்யற மரகதத்தோட ரூம் அட்ரஸுக்கு எழுதறேன். அம்மா தினம் வந்து ரசம் வெச்சுட்டுப் போறாங்க. நீ இல்லாம வூடு வூடாவே இல்ல.

நேத்து உன் பீரோவைத் திறந்தேன். புடவைக்கு அடியில பிரியாணி டப்பா, கோழி எலும்பு, பூசணம் புடிச்ச பன். துணியெல்லாம் எறும்பு. குமட்டிக்கினு வெளியே ஓடிட்டேன். ஒரு பொண்டாட்டி இப்படிப் பண்ணுவாளா? அன்னிக்கு நீ தின்னதை நான் வீடியோ எடுத்தேன்னு கோவிச்சுக்கினு போனியே, உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன். பார்த்தாலாவது திருந்திடுவியோன்னு நெனச்சேன். அக்கா பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வருது. அதுக்குள்ள வந்துடு.

அன்புடன்,
ரஞ்சித்


இருங்காட்டுக்கோட்டை
16.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

அந்த எலும்பெல்லாம் என் வேலைதான். ஒளிச்சு வெச்சேன், வெச்சதையே மறந்துட்டேன்.

தண்டலத்துல ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஸ்கூல்ல எப்படி இருந்தே, சாமானைத் தொலைப்பியா, அடுப்புல வெச்சதை மறப்பியான்னு ஒரு மணி நேரம் கேட்டாங்க. ஏடிஎச்டியாம். கவனம் ஓரிடத்துல நிக்காத கோளாறு, பெரியவங்களுக்கும் இருக்குமாம். ஷிஃப்ட் முழுக்க ஒயர் செக்கிங்ல மனசை இழுத்துப் புடிச்சுக்கினு நிக்கறேன், பசிக்கறதே தெரியறதில்ல. வூட்டுக்கு வந்து ஒரு வாய் வெச்சா நிறுத்தத் தெரியறதில்ல. வயிறு வலிக்கும், அப்பவும் கை போகும்.

நீங்க வீடியோ எடுத்த அன்னிக்கு சாயந்திரம், தின்னக் கூடாதுன்னுதான் மீதிக் கேக்கைக் குப்பையில போட்டேன். மேல டீத்தூள் சக்கையையும் கொட்டினேன். கால் மணி நேரத்துல கையை விட்டு எடுத்துத் தின்னேன். பல்லெல்லாம் நறநறன்னுச்சு. இப்பவும் என் கையைப் பார்க்கவே புடிக்கல.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வீடியோவை யாருக்குக் காட்டினீங்க?

பூர்ணிமா


வடக்குப்பட்டு
23.2.2025

பூர்ணிமா,

அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். 'அவ இன்னாதான் பண்றா, காட்டுடா'ன்னு கேட்டாங்க. அம்மா அக்காவுக்கு அனுப்பிட்டாங்க. அக்கா புருஷனும் பார்த்தாராம். எல்லாரும் நம்ம ஆளுங்கதானே. என் போன்ல அழிச்சுட்டேன்.

டாக்டர் சொல்றதையெல்லாம் நம்பாதே. மறதி யாருக்குத்தான் இல்ல? வாயைக் கட்டினா போதும். மாத்திரை போட்டாகணும்னா போடு, வெளியே சொல்லாதே. எனக்கு ஏற்கெனவே தலை காட்ட முடியல. மார்ச் ஒன்பதாம் தேதி வண்டி எடுத்துக்கினு வரேன். ரெடியா இரு.

ரஞ்சித்


இருங்காட்டுக்கோட்டை
27.2.2025

ரஞ்சித்,

'நீங்க'ன்னு எழுத வரல.

உன் அக்கா புருஷன் அந்த வீடியோவை அவர் கம்பெனி குரூப்புல போட்டிருக்கார். சுத்தி சுத்தி எங்க கம்பெனி பஸ்ஸுக்கே வந்துடுச்சு. முன் சீட்டுப் பொண்ணுங்க சிரிச்சாங்க. எட்டிப் பார்த்தா நான். வாயெல்லாம் கிரீமும் சக்கையும். எனக்கே அருவருப்பாத்தான் இருந்துச்சு.

ஆனா அது மூணு நிமிஷம் ஓடுது. மூணு நிமிஷமும் உன் கை ஆடவே இல்ல. 'பூர்ணிமா, போதும்மா'ன்னு ஒரு குரல் வருமான்னு கடைசிவரைக்கும் கேட்டேன். நீ மூச்சு விடற சத்தம்தான் வருது. நடுவுல என் வாயை மட்டும் கிட்டக்க இழுத்து எடுத்திருக்கே.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு பரோட்டா வாங்கித் தின்னேன். ரூம் தரையெல்லாம் வாந்தி. மரகதம் மூக்கைப் பொத்திக்கினு வந்தா. 'அசிங்கமா இல்லியாடி உனக்கு?'ன்னு கேட்டேன். 'அசிங்கமாத்தான் கீது. நகரு, தொடைக்கணும்'னு பக்கெட்டை எடுத்தா.

மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனா இப்பல்லாம் எனக்குக் குமட்டறது உன் முகத்தை நெனச்சாத்தான்.

ஒன்பதாம் தேதி வராதே. அதுக்கு முந்தின நாள் நானும் மரகதமும் வந்து என் சர்ட்டிஃபிகேட்டையும் துணியையும் எடுத்துக்கறோம். சாவியைக் கீழ் வூட்டுல குடுத்துட்டு எங்கேயாவது போயிடு. நான் வரும்போது நீ அங்க இருக்கக் கூடாது.

பூர்ணிமா