ஷீட்டு வீட்டில் மாடிப்படி

ஐப்பசி 14, வெள்ளி

மாமாவின் நஷ்டஈட்டு மனுவோடு அக்காவும் நானும் இன்று மஞ்சக்குப்பம் லேபர் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்திருந்த சீட்டு நகலைப் பார்த்தார்.

"வீட்டு மாடிப்படியில விழுந்தார்னு இருக்கே. வேலையில அடிபட்டாத்தானேம்மா நஷ்டஈடு?"

அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "எவன் சார் சொன்னது? எங்களுது ஷீட்டு வீடு. அதுல மாடி ஏது?"

ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னது நான்தான்; அக்காவுக்கு அது தெரியாது. கம்பெனிச் சாரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கிப் போனபோது, "கம்பெனி பேரு வரக் கூடாது, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான் கான்ட்ராக்டர். நம்பித் தொலைத்தேன். இப்போது கேட்டால் முறைக்கிறான். அவனிடம்தான் நான் இன்னும் வேலை பார்க்கிறேன்.

"சொன்னவரே வந்து உண்மையை எழுதிக் குடுக்கட்டும். பேரு கீழ இருக்கு" என்று அதிகாரி சீட்டை நீட்டினார்.

அக்கா கை நீட்டுவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. காலையில் கேட்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.